மேல்கூரையில் உட்கார்ந்த குடல்காரி

ரோமாபுரியில் தெக்லா வேகவைத்த மாட்டுக் குடலைச் சாப்பிடாதவர்கள் இரண்டே வகை. பல் போனவர்கள், பெரிய இடத்துக்காரர்கள். பெரிய இடத்துக்காரர்களிலும் பாதிப் பேர் வேலைக்காரனை அனுப்பி வாங்கித் தின்றுவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

கர்தினால் தொர்னெல்லியின் அரண்மனை வாசலுக்கு இடது பக்கம் அவளுடைய இடம். மூன்று கல், அதன்மேல் ஒரு செப்பு அண்டா. முதுகுக்குப் பின்னால் இருக்கும் சுவருக்கு அந்தப் பக்கம் கர்தினாலின் சமையல்கட்டு. அங்கே நாள் முழுக்க அடுப்பு எரிவதால் சுவர் எப்போதும் சூடாக இருக்கும். தை மாசக் குளிரில் அந்தச் சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு ஒரு கிண்ணம் குடல் சாப்பிட்டவன் மறுநாள் வேறு எங்கும் போகமாட்டான். தெக்லாவின் வியாபாரத்தில் பாதி அவள் கைப்பக்குவம், பாதி அந்தச் சுவர். அது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

அங்கே அவள் உட்கார்ந்து முப்பத்தோரு வருஷம். முதல் ஆறு வருஷம் புருஷன் கூட இருந்தான். அவன் செத்தது ஒரு வெள்ளிக்கிழமை. மறுநாள் சனிக்கிழமை, ஊரே குடல் தின்கிற நாள். அதனால் வெள்ளியோடு அழுகையை முடித்துக்கொண்டாள். நல்ல மனிதன்தான், ஆனால் குடலை ஒழுங்காகக் கழுவ மாட்டான்.

ஆள் பெரியவள். முழங்கைக்குக் கீழே ஒவ்வொரு கையும் ஒரு சின்ன உரல். இரண்டு புருவமும் நடுவில் சேர்ந்திருக்கும். மோவாயில் ஒரு மரு, மருவில் இரண்டு முடி. இதெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், பின்னால் இவை எல்லாவற்றின்மேலும் அரண்மனை வழக்குப் போட்டது.

கர்தினாலின் மாமா ஒருவர் முன்பு பாப்பரசராக இருந்து செத்தவர். அந்த வழியில் வந்ததுதான் அரண்மனை, தோட்டம், பதினாறு குதிரை எல்லாம். இவருக்கும் பாப்பரசர் ஆகவேண்டும் என்று ஆசை. அப்போதிருந்த பாப்பரசர் வேறு இருமிக்கொண்டே இருந்தார். ஆசை உள்ள கர்தினால் முதலில் என்ன செய்வார்? பெரிய கூடத்தின் மேல்கூரையில் படம் வரையச் சொல்வார். தொர்னெல்லி குடும்பத்தின் சின்னம் மூன்று வெங்காயம். அந்த மூன்று வெங்காயத்தையும் பழங்காலத்துச் சாமிகள் எல்லாம் சேர்ந்து வானத்துக்குத் தூக்கிக்கொண்டு போய் நட்சத்திரங்களுக்கு நடுவில் வைக்கிற மாதிரிப் படம். பூசை வைக்கிற மனிதருக்கு அந்தப் பழைய சாமிகள் எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. ரோமாபுரியில் பூசைக்கு ஒரு சாமி, கூரைக்கு வேறு சாமி.

வரைய வந்தவன் பெயர் லத்தான்சியோ. வடக்கேயிருந்து வந்தவன், ஒல்லி, எந்நேரமும் பசி. தினமும் மத்தியானம் தெக்லாவிடம்தான் சாப்பாடு. கூரையில் வரைவது சுவரில் கரி கிறுக்குகிற மாதிரி இல்லை. காலையில் ஈரச் சுண்ணாம்பு பூசுவார்கள். எவ்வளவு பூசுகிறார்களோ அவ்வளவுதான் அன்றைக்கு வேலை, அது காய்வதற்குள் வரைந்து முடித்தாக வேண்டும். காய்ந்துவிட்டால் வண்ணமும் சுண்ணாம்பும் சேர்ந்து கல்லாகிவிடும். அப்புறம் பிடிக்கவில்லை என்றால் உளி வைத்துக் கொத்தி எடுக்க வேண்டியதுதான்.

சாமிகளுக்கெல்லாம் ராஜா ஜூபிடர். அவருக்குக் கர்தினாலின் முகத்தை வைக்க வேண்டும் என்று உத்தரவு. வைத்தாகிவிட்டது. அடுத்து ஜூபிடரின் பெண்சாதி ஜூனோ. அவளுக்குக் கர்தினாலின் தூரத்து உறவில் ஒரு சீமாட்டியின் முகம். அந்த முகத்தை லத்தான்சியோ ஒரு தாளில் வரைந்து வைத்திருந்தான். ஜூனோவுக்கான சுண்ணாம்பைக் காலையில் பூசி முடித்தாகிவிட்டது. தாளைத் தேடினால் காணோம். முந்தின நாள் சாயங்காலம் சாரத்தில் வேலை செய்த கொத்தனார் அதில் மத்தி மீனைப் பொட்டலம் கட்டி வீட்டுக்குக் கொண்டுபோயிருந்தார்.

லத்தான்சியோ ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினான்.

"தெக்லா அக்கா, கொஞ்சம் மேல வாயேன்."

"குடல் அடிபிடிக்கும்டா."

"இங்க சுண்ணாம்பு காயுது அக்கா."

"காஞ்சா காயட்டும். என் வீட்டுச் சுவரா?"

"ஒரு மூஞ்சி வேணும், அவசரம்."

"உன் மூஞ்சிக்கு என்ன கொறச்சல்?"

"பொம்பள மூஞ்சி வேணும். கோவக்காரப் பொம்பள."

கீழே சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களில் ஒருவனுக்குப் புரையேறியது. பக்கத்தில் கீரை விற்கிற தொமித்தில்லா சொன்னாள்: "போயிட்டு வாடி. ஊருல வேற யாரு கெடைப்பா? அண்டாவ நான் பாத்துக்கிறேன்."

தெக்லா போனாள். கையில் இருந்த அகப்பையைக் கீழே வைக்கத் தோன்றவில்லை. சாரம் ஏழு ஆள் உயரம். மேலே போனதும் பலகை ஆடியது. இடது கையால் பக்கத்தில் நின்ற மரக்கம்பத்தைப் பிடித்தாள். மத்தியானம் வரைக்கும் அந்தப் பிடியை விடவே இல்லை.

"கோவமா பாரு அக்கா."

"இதுக்கு மேல கோவம்னா நீ பிடரியில வாங்குவ."

"அப்படியே இரு. அதான். அதேதான்."

அவன் அவசரத்தில் கண்ணில் பட்டதை எல்லாம் வரைந்தான். யோசிக்க நேரமில்லை. புருவம் வந்தது, மரு வந்தது, மருவில் இருந்த இரண்டு முடியும் வந்தது. கையிலிருந்த அகப்பைக்குப் பொன்வண்ணம் பூசிச் செங்கோல் ஆக்கினான். இடது கை பிடித்திருந்த கம்பத்தை வானத்தில் நட முடியாது. அந்த இடத்தில் ஏற்கெனவே ஜூபிடரின் தோள் இருந்தது. கையை அதன்மேல் வைத்துவிட்டான்.

தெக்லா கீழே இறங்கி வந்தபோது குடல் அடிபிடித்திருந்தது. அண்டாவைப் பார்த்துக்கொள்கிறேன் என்ற தொமித்தில்லா நிஜமாகவே பார்த்துக்கொண்டுதான் நின்றாள், கிளறவில்லை. அந்தச் சண்டையில் மேலே நடந்ததைத் தெக்லா மறந்தே போனாள்.

மேல்கூரை வேலையில் ஒரு சங்கடம் உண்டு. சாரப் பலகை மறைத்துக்கொண்டிருப்பதால் சாரத்தைப் பிரிக்கிற வரைக்கும் கீழே இருந்து முழுப்படம் யாருக்கும் தெரியாது. பிரித்த அன்றைக்கே கர்தினால் விருந்து வைத்தார். பிரான்சு தேசத்துத் தூதர், ஸ்பெயின் தேசத்துத் தூதர், பன்னிரண்டு கர்தினால்கள். எல்லோரும் கழுத்தை மடக்கி மேலே பார்த்தார்கள்.

ஹெர்குலிஸ் ஒரு வெங்காயத்தை முதுகில் சுமக்கிறான். கால்களில் சிறகு முளைத்த ஒருவன் இன்னொரு வெங்காயத்தோடு பறக்கிறான். நடுவில் மேகத்தின்மேல் ஜூபிடர், கர்தினாலின் முகம், சீவிய தாடி. பக்கத்தில் தெக்லா. ஓடிப்போகப் பார்த்த புருஷனைத் தோளைப் பிடித்து உட்காரவைத்த மாதிரி ஒரு கை. இன்னொரு கையில் பொன் அகப்பை.

பிரான்சுத் தூதர் கேட்டார்: "அந்த அம்மா யாரு?"

கர்தினால் தன் காரியஸ்தர் பக்கம் கண்ணைக் காட்டினார். அவருக்கு யாரென்று தெரியும். சனிக்கிழமை தவறாமல் சமையல்கட்டின் பின்கதவு வழியாக ஒரு சட்டி வாங்கச் சொல்கிறவர் அவர். காரியஸ்தர் அன்செல்மி முன்னால் வந்தார். கோல் மாதிரி மெலிந்த மனிதர், சட்டம் படித்தவர்.

"ஜூனோ தேவி, ஐயா."

"தேவி கையில அகப்பையா?"

"செங்கோல், ஐயா."

"செங்கோல்ல புதினா ஒட்டியிருக்கே."

அவசரத்தில் லத்தான்சியோ அதையும் வரைந்திருந்தான்.

மறுநாள் காலையில், ஊர்க்காரர்கள் ரகசியமாகப் பாட்டெழுதி ஒட்டுகிற உடைந்த சிலையின் கழுத்தில் ஒரு காகிதம் தொங்கியது. கர்தினால் தொர்னெல்லிக்குக் கலியாணம் ஆகிவிட்டது, மணப்பெண் குடல்காரி, சீதனம் ஒரு அகப்பை என்று எழுதியிருந்தது. மத்தியானத்துக்குள் ஊர் முழுக்க அதைப் பாடியது. பாப்பரசர் ஆகவேண்டியவருக்குப் பெண்சாதி இருக்கிறாள் என்று பேச்சு வந்தால் எந்தக் கர்தினால் ஓட்டுப் போடுவார்?

லத்தான்சியோ அன்றைக்கே கழுதை பிடித்து ஊருக்குப் போய்விட்டான். படத்தைக் கொத்தி எடுத்து வேறு வரைவதற்கு மறுபடி சாரம் கட்ட வேண்டும், இரண்டு மாசம் ஆகும். பாப்பரசரின் இருமலைக் கேட்ட வைத்தியர்கள் இரண்டு மாசம் தாங்காது என்றார்கள். நடுவில் பாப்பரசர் செத்துப்போய், துக்கத்துக்கு வருகிற கர்தினால்கள் கூடத்தில் சாரத்தைப் பார்த்தால், தொர்னெல்லி தப்பை ஒப்புக்கொண்டு அழிக்கிறார் என்று ஆகிவிடும். அன்செல்மி ஒரு ராத்திரி உட்கார்ந்து யோசித்தார். கூரையை மாற்ற முடியாது, ஆகவே பொம்பளையை மாற்ற வேண்டும்.

முதலில் நாவிதர் வந்தார், மருவை எடுக்க. பதினைந்து வருஷமாகத் தெக்லாவிடம் சாப்பிடுகிறவர். கத்தியை வெளியே எடுக்கவே அவருக்குக் கூச்சம்.

"அரண்மனை உத்தரவு, தெக்லாம்மா. வலிக்காது."

"உனக்கு வலிக்கும். கத்திய உள்ள வச்சுட்டுக் கிண்ணத்த நீட்டு."

நாவிதர் நீட்டினார். மருவை எடுத்தாகிவிட்டது, மறுபடி முளைத்துவிட்டது என்று காரியஸ்தரிடம் போய்ச் சொன்னார்.

பிறகு அன்செல்மி நேரிலேயே வந்தார். அரண்மனை வக்கீலும் இரண்டு சாமியார்களும் மூன்று நாள் விவாதித்து எழுதிய பத்திரம் கையில் இருந்தது. தெக்லாவுக்குப் படிக்கத் தெரியாது. அவரே நின்றுகொண்டு வாசித்தார். கூரையிலிருக்கும் சித்திரம் கர்தினாலின் சொத்து. சித்திரத்திலிருக்கும் முகமும் ஆகவே கர்தினாலின் சொத்து. தெக்லா என்பவள் அதே முகத்தைப் பொதுவீதியில் வைத்துக்கொண்டு அதைக் காட்டி வியாபாரம் செய்கிறாள். அரண்மனை அனுமதி இல்லாமல் அந்த முகத்தை வாசலிலிருந்து முந்நூறு அடிக்குள் கொண்டுவரக் கூடாது.

சுற்றி நின்றவர்கள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். தெக்லா அகப்பையை அண்டா விளிம்பில் தட்டினாள்.

"ஐயா, மேல இருக்குற மூஞ்சிக்கு வயசு என்ன?"

"நாலு மாசம்."

"என் மூஞ்சிக்கு அம்பத்தஞ்சு வருசம். யாரப் பாத்து யாரு வந்தது?"

"அது சட்டத்துல சேராதும்மா. பதிவாயிருக்குறது மேல இருக்குறதுதான்."

"சரி, இது அரண்மனை மூஞ்சிதான்னே வச்சுக்குவோம். அம்பத்தஞ்சு வருசமா இதுக்குச் சோறு போட்டது யாரு? இதோட பல்வலிக்குப் பாத்தது யாரு? மூஞ்சி உங்களோடதுன்னா நாளைலேருந்து மூணு வேளையும் நீங்கதான் ஊட்டணும்."

அன்செல்மி உண்மையிலேயே யோசித்தார். அதுதான் அவரிடம் இருந்த வியாதி. "அதுக்கு வேற பத்திரம் எழுதணும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வேறு பத்திரம் எழுதவில்லை. மறுநாள் விடியற்காலையில் நாலு காவல்காரர்கள் வந்தார்கள். அண்டாவைத் தூக்கி அரண்மனை நிலவறையில் போட்டுப் பூட்டினார்கள். மூன்று கல்லையும் பெயர்த்துத் தோட்டத்தில் எறிந்தார்கள். தெக்லாவை ஒரு வண்டியில் ஏற்றி ஆற்றுக்கு அக்கரையில் இறக்கிவிட்டார்கள். திரும்பி வந்தால் கசையடி என்று சொன்னார்கள். அந்த நாலு பேரும் முந்தின நாள்கூட அவள் கையால் சாப்பிட்டவர்கள்.

அக்கரையில் தெருவுக்கு ஆறு பேர் குடல் வேகவைக்கிறார்கள். இரவல் சட்டி, சில்லென்று ஒரு சுவர். நாலு நாளைக்கு ஒருவன் வந்து முகர்ந்து பார்த்துவிட்டுப் போவான். தொமித்தில்லா ஞாயிற்றுக்கிழமைகளில் பாலம் தாண்டி வந்து துக்கம் விசாரித்தாள்.

"உன் எடத்துல இப்ப ஒரு தொட்டிச் செடி வச்சிருக்காங்கடி."

"என்ன செடி?"

"எலுமிச்ச."

"சூட்டுல செத்துரும்."

"செத்துருச்சு. வேற வச்சிருக்காங்க."

தெக்லா மூக்கைச் சிந்தினாள். "அந்தச் சுவரு இல்லன்னா நான் இந்தக் குளிர்காலத்தத் தாண்ட மாட்டேன்டி. குடலுக்காகச் சொல்லல. எனக்கே சொல்றேன்."

மாசி மாசம் பாப்பரசர் செத்தார். கர்தினால்களை எல்லாம் உள்ளே வைத்துப் பூட்டினார்கள். அடுத்த பாப்பரசரைத் தேர்ந்தெடுக்கிற வரைக்கும் வெளியே விடமாட்டார்கள். ஒவ்வொருவருக்கும் அவரவர் வீட்டிலிருந்து சாப்பாட்டுக் கூடை போகும், மேலே குடும்பச் சின்னம் எழுதியிருக்கும். சுவரில் பதித்த உருளைப் பெட்டியில் கூடையை வைத்துச் சுழற்றினால் உள்ளே போகும். மத்தியானத்துக்குள் காலிக் கூடை அதே வழியில் திரும்பி வரும். எதிரே வேலையற்ற கூட்டம் ஒன்று நாள் முழுக்க நின்று கூடைகளை எண்ணிக்கொண்டிருக்கும். உள்ளே நடப்பதை ஊர் தெரிந்துகொள்ள வேறு வழியில்லை.

மூன்று வாரம் ஆயிற்று. ஒரு சனிக்கிழமை காலையில் அன்செல்மி பாலம் தாண்டி வந்தார். பின்னால் ஒரு ஆள் வெங்காயச் சின்னம் போட்ட கூடையோடு நின்றான்.

"தெக்லாம்மா, கர்தினால் ஆண்டவருக்கு உள்ள சாப்பாடு எறங்கலையாம். கொழுக்க வச்ச கோழிய அப்படியே திருப்பி அனுப்புறாரு. சீட்டுல எழுதி அனுப்பியிருக்காரு. உன் குடல்தான் வேணுமாம்."

"மூஞ்சி அரண்மனையோடது. கை யாரோடது, ஐயா?"

"உன்னோடதுதான்."

"அப்ப கை ஒரு விலை சொல்லும். என் எடம்."

"தேர்தல் முடியட்டும்மா. ஆண்டவர் ஜெயிச்சாலும் தோத்தாலும் உன் எடம் உனக்கு. நான் பொறுப்பு."

"சத்தியமா?"

அன்செல்மி சுற்றிப் பார்த்துவிட்டுச் சத்தியம் செய்தார். தெக்லாவுக்குச் சந்தோஷம் வந்தால் கை தாராளமாகிவிடும். ஒரு ஆளுக்கு வைக்க வேண்டியதை மூன்று ஆளுக்கு வைத்தாள். புதினாவைக் கிள்ளிப் போட்டு, ஆட்டுப்பால் பாலாடைக்கட்டியைத் துருவி மேலே மலையாகக் குவித்தாள்.

உள்ளே கர்தினால் தொர்னெல்லி பாதியைச் சாப்பிட்டார். மீதியை விட மனம் வரவில்லை. சாயங்காலத்துக்கு ஆகும் என்று கூடையோடு எடுத்துத் தன் கட்டிலுக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

மத்தியானம் எல்லாக் கூடையும் வெளியே வந்தது. வெங்காயக் கூடை மட்டும் வரவில்லை.

எதிரே நின்ற கூட்டம் ஒருதரம் எண்ணியது. மறுபடி எண்ணியது. பாப்பரசர் ஆனவர்தான் இனிமேல் தன் வீட்டுச் சோறு சாப்பிடமாட்டார், வீட்டுக்குக் கூடையும் திருப்பி அனுப்பமாட்டார். யாரோ ஒருவன் "தொர்னெல்லி" என்றான். அடுத்த நிமிஷம் ஊரே தொர்னெல்லி என்றது.

பாப்பரசர் ஆனவருக்கு ஊர் முழுக்கச் சொந்தம், தனியாக எதற்கு ஒரு வீட்டுச் சாமான்? ஆகவே அவர் வீட்டில் இருப்பது ஊருக்கு. அது ரோமாபுரியில் எல்லோருக்கும் தெரிந்த வழக்கம். முதலில் போகிறவனுக்கு வெள்ளி, கடைசியில் போகிறவனுக்குத் துடைப்பம். கூட்டம் ஓடியது.

தொமித்தில்லா மூச்சு வாங்கப் பாலம் தாண்டி வந்தாள். "ஏடி, உன் வீட்டுக்காரர் பாப்பரசர் ஆயிட்டாராம். அரண்மனையக் காலி பண்றாங்க. உன் அண்டா நெலவறையில கெடக்கே, எவனாச்சும் தூக்கிட்டுப் போயிருவான்."

தெக்லா பாதி வழி ஓடி, மீதி வழி நடந்தாள். அரண்மனை வாசலில் காவல் இல்லை. அந்த நாலு காவல்காரர்கள்தான் முதலில் உள்ளே போனவர்கள். அவளை வண்டியில் ஏற்றியவன் இரண்டு வெள்ளி விளக்குகளோடு எதிரே வந்தான். அவளைப் பார்த்ததும் ஒன்றைப் பின்னால் மறைத்தான்.

நிலவறைக் கதவு ஏற்கெனவே போயிருந்தது. பூட்டு மட்டும் தரையில் கிடந்தது. அண்டா மூலையில் இருந்தது, எலி குடியிருந்தது. எலியை விரட்டி, அண்டாவைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு மேலே வந்தாள். படிக்கட்டு நெரிசலில் வாசல் பக்கம் போக முடியவில்லை. கூட்டம் தள்ளிக்கொண்டுபோய்ப் பெரிய கூடத்தில் விட்டது.

கூடத்தில் திரைச்சீலை, கம்பளம், நாற்காலி எல்லாம் நகர்ந்துகொண்டிருந்தன. ஒரு கசாப்புக்காரன் கம்பளத்தைச் சுருட்டிக்கொண்டே மேலே பார்த்தான், எடுக்க இன்னும் என்ன மிச்சம் என்று. பிறகு கீழே பார்த்தான். அண்டாவை இறக்கி மூச்சு வாங்கிக்கொண்டிருந்த தெக்லாவைப் பார்த்தான். மறுபடி மேலே பார்த்தான். கம்பளத்தைக் கீழே வைத்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினான்.

"வீட்டுக்காரம்மா வந்திருக்காங்க."

சத்தம் மெதுவாக அடங்கியது. ஒவ்வொருவராக மேலே பார்த்து, கீழே பார்த்து, தொப்பியைக் கழற்றினார்கள். புருஷன் பக்கத்தில் உட்கார்ந்து தோளில் கை போட்டிருப்பவள் யார்? அவள் நேரில் நிற்கும்போது கேட்காமல் எடுத்தால் அது திருட்டு. ரோமாபுரிக்காரர்கள் திருடர்கள் இல்லை, வழக்கப்படி நடக்கிறவர்கள்.

"அம்மா, இந்தக் கம்பளத்த எடுத்துக்கலாமா?"

தெக்லா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "உனக்கு எத்தன புள்ளைங்க?"

"ஏழும்மா."

"எடுத்துக்க."

ஒரு விதவை ஜன்னல் திரையைத் தொட்டுக் காட்டினாள். "எடு, உதறிட்டுக் கட்டு, தூசி." காசு மாற்றிக் கொடுக்கிற ஒருவன் பெரிய கண்ணாடியைக் கேட்டான். "உனக்கு எதுக்குக் கண்ணாடி? உன் மூஞ்சிக்கு அவ்வளவு அவசியமில்ல. அந்தச் சலவக்காரிக்குக் குடு." வரிசை படிக்கட்டு வரைக்கும் நீண்டது. மேலே இருந்து தெக்லா அகப்பையோடு பார்த்துக்கொண்டிருந்தாள், கீழே இருந்து தெக்லா பங்கு வைத்துக்கொண்டிருந்தாள்.

அன்செல்மி நுழைந்தபோது கூடத்தில் ஒரே ஒரு நாற்காலிதான் மிச்சம், கர்தினாலின் சிவப்பு வெல்வெட் நாற்காலி. அதில் தெக்லா உட்கார்ந்திருந்தாள். யாரோ அன்செல்மியின் மேலங்கியையும் எடுத்துப் போயிருந்தார்கள். வெறும் சட்டையோடு நின்றார்.

"தெக்லாம்மா, செய்தி பொய். இப்பதான் ஆள் வந்து சொன்னான். இன்னும் தேர்தலே முடியல. ஆண்டவர் கூடையத் திருப்பி அனுப்பலையாம், அவ்வளவுதான். நிறுத்தச் சொல்லும்மா."

"நான் யாரு சொல்றதுக்கு?"

"அவங்க நீ சொன்னாத்தான் கேக்குறாங்க."

"மூஞ்சி உங்களோடது. வாய் அந்த மூஞ்சியிலதான இருக்கு? நீங்களே சொல்லிக்கலாமே."

அன்செல்மி கையெடுத்துக் கும்பிட்டார். "பத்திரத்தக் கிழிச்சிர்றேன்."

"பத்திரம் கெடக்கட்டும். அது உங்க வயித்துப்பாடு. என் மூணு கல்லு எங்க?"

அரண்மனைக் காரியஸ்தர், சட்டம் படித்தவர், தோட்டத்துச் சேற்றில் இறங்கி மூன்று கல்லையும் தேடி எடுத்தார். ஒவ்வொன்றாக வயிற்றோடு அணைத்துக்கொண்டு வாசலுக்குக் கொண்டுவந்தார். எலுமிச்சைத் தொட்டியைக் காலால் தள்ளிவிட்டுப் பழைய இடத்தில் வைத்தார். மூன்றாவது கல் ஆடியது. தெக்லா ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தாள், அவர் அதற்கு அடியில் ஒரு சில்லு கொடுத்துச் சரிசெய்கிற வரைக்கும். பிறகு கூடத்தைப் பார்த்துத் திரும்பினாள்.

"போதும், எல்லாரும் கெளம்புங்க. கர்தினால் கிழவருக்கு இடுப்பு வலி, மெத்தைய மட்டும் விட்டுட்டுப் போங்க."

மெத்தை முதலிலேயே போயிருந்தது. மற்றபடி எல்லோரும் சொன்ன சொல் கேட்டுக் கலைந்தார்கள். எடுக்கவும் ஒன்றும் இல்லை. கசாப்புக்காரன் அண்டாவைத் தூக்கி வந்து மூன்று கல்மேல் வைத்துக் கொடுத்தான். வெல்வெட் நாற்காலியை யாரோ அவளோடு சேர்த்தே தூக்கி வந்துவிட்டார்கள்.

பத்து நாள் கழித்து வேறு ஒருவர் பாப்பரசர் ஆனார். அரண்மனை காலியான கதை உள்ளே போனபோது மற்ற கர்தினால்கள் சிரித்த சிரிப்பில் தொர்னெல்லிக்கு இருந்த ஓட்டும் போயிற்று. மறுநாள் காலை பத்து மணிக்கு அவருடைய வண்டி வாசலில் வந்து நின்றது. இறங்கினார். மூன்று வெங்காயம் செதுக்கிய கதவு இருந்த இடத்தில் கதவு இல்லை. இடது பக்கம் தெக்லா, அவருடைய நாற்காலியில் உட்கார்ந்து குடல் கிளறிக்கொண்டிருந்தாள். அன்செல்மி சுவரோடு சுவராக நின்றார்.

கர்தினால் நாற்காலியைப் பார்த்தார், அண்டாவைப் பார்த்தார்.

"அந்தச் சனிக்கிழமை ரொம்ப வச்சிட்ட, தெக்லா."

"நீங்க கூடையத் திருப்பி அனுப்பியிருக்கலாம், ஆண்டவரே."

"மீதி ஆறிப்போயிரும்னு போர்வைக்குள்ள சுத்தி வச்சிருந்தேன்."

"நல்லா இருந்துச்சா?"

"நல்லாத்தான் இருந்துச்சு." கதவில்லாத வாசலுக்குள் எட்டிப் பார்த்தார். "வீட்டுல என்ன மிச்சம்?"

"மேல்கூரை இருக்கு. அதத் தூக்க முடியல."

அவர் தலையை ஆட்டினார். மூன்று வாரமும் பத்து நாளும் பூட்டிய அறையில் இருந்த மனிதர், முகம் வற்றியிருந்தது. மேலே இருக்கிற ஜூபிடருக்கு இப்போது அவர் சாயல் அவ்வளவாக இல்லை. தெக்லா மட்டும் அச்சு அசலாக அப்படியே இருந்தாள்.

"சாரம் கட்டி வேற மூஞ்சி வரையச் சொல்லட்டுமா, ஆண்டவரே?" என்று அன்செல்மி மெதுவாகக் கேட்டார். "இப்ப அவசரம் ஒண்ணும் இல்ல."

"எதுக்கு? இனிமே யாரு வந்து பாக்கப்போறா?" என்றார் கர்தினால். தெக்லா பக்கம் திரும்பினார். "ஒரு கிண்ணம் குடு. வீட்டுல கிண்ணம் இல்ல."

தெக்லா எழுந்திருக்கவில்லை. கிண்ணத்தை எடுத்தாள், நிறைத்தாள், பாலாடைக்கட்டியைத் துருவினாள். கர்தினால் அந்தச் சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு, நாவிதருக்கும் தொமித்தில்லாவுக்கும் நடுவில் நின்று இரண்டு கவளம் சாப்பிட்டார். சுவர் இப்போது சூடாக இல்லை, சமையல்கட்டில் அடுப்பு அணைந்திருந்தது. அந்தக் குளிரைத் தெக்லா பத்து நாளாகத் தாங்கிக்கொண்டிருந்தாள்.

"ஐயா," என்றாள் அன்செல்மியிடம், "உள்ள போயி மொதல்ல அடுப்பப் பத்த வைங்க. சமைக்க ஒண்ணும் இல்லாட்டியும் பரவாயில்ல."

அன்செல்மி ஆண்டவர் முகத்தைப் பார்த்தார். ஆண்டவர் வாய் நிறைய வைத்துக்கொண்டு போ என்று கையைக் காட்டினார். பிறகு மீதியை உள்ளே போய்ச் சாப்பிடுகிறேன் என்று கிண்ணத்தோடு படியேறினார்.

தெக்லா அவர் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மத்தியானம் ஆயிற்று, கிண்ணம் வரவில்லை. எதிர்த் திண்டில் உட்கார்ந்திருந்த வேலையற்றவர்கள் இரண்டு பேர் அண்டாவுக்குப் பக்கத்தில் அடுக்கியிருந்த கிண்ணங்களை எண்ண ஆரம்பித்திருந்தார்கள். சுவரில் லேசாகச் சூடு வந்திருந்தது. தெக்லா அதில் முதுகை வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"ஐயா, அந்தக் கிண்ணத்த மட்டும் சீக்கிரம் திருப்பி அனுப்பச் சொல்லுங்க. இங்க எண்ணுறாங்க."